சின்ன ஊர் பெரிசாகும் முன்: ரோடு, தண்ணீர், சாக்கடைக்கு முன்கூட்டியே திட்டம் போடுவது எப்படி

ஓசூரும் நாகர்கோவிலும் 2019-ல் மாநகராட்சி ஆயின. 2021-ல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி. 2024-ல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி. இந்த ஊர்கள் வளர்ந்தது அரசாணை வந்த நாளில் இல்லை. ஓர் ஊர் வளர்வது எப்போதும் அதன் விளிம்பில்தான் தொடங்குகிறது. சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் வயல்கள் மனைகளாகும், மனைகளில் வீடு ஏறும், 20 அடித் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் முட்டி நிற்கும், வீட்டுக்கு வீடு போர் போட்டிருப்பார்கள், கழிவுநீர் பக்கத்துக் காலி மனையில் தேங்கும். அதற்கெல்லாம் அப்புறம்தான் அந்தப் பகுதி நகரத்தோடு சேரும். அப்போது ரோட்டை அகலப்படுத்த வேண்டுமென்றால் வீட்டை இடிக்க வேண்டும், குழாய் போட வேண்டுமென்றால் புதுத் தாரை வெட்ட வேண்டும்.

நீங்கள் ஒரு வார்டு உறுப்பினராகவோ, குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருப்பவராகவோ, நகராட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளராகவோ, மனை போட்டு விற்பவராகவோ இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒரு வரிசையை மட்டும் மனதில் வையுங்கள்: முதலில் இடம், அடுத்து மட்டம், அப்புறம் குழாய், கடைசியில் தார். குழாய் சின்னதாகிப்போனால் பத்து வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம், மோட்டாரையும் மாற்றலாம். ஆனால் ரோட்டுக்கு விட வேண்டிய இடத்தில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. நம் ஊர்களில் நடப்பது நேர் தலைகீழ். முதலில் தார் போடுகிறோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

பழைய வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக எதையும் வரைவதற்கு முன்னால், ஊர் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்த வருவாய்க் கிராமங்களின் கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும், எஃப்.எம்.பி. என்று சொல்கிற புலப்படம், எது பட்டா, எது புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேடு மூன்றையும் வாங்கிவிடுங்கள். புலப்படமும் அ-பதிவேட்டு விவரமும் சர்வே எண் வாரியாக வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். கிராம வரைபடத்துக்குத் தாலுகா அலுவலகம் அல்லது நில அளவை அலுவலகம் போக வேண்டியிருக்கும்.

அவற்றில் மூன்று விஷயங்களைத் தேடிக் கலர் போடுங்கள். ஒன்று, வண்டிப்பாதைகள். மாட்டுவண்டி போன காலத்துப் பாதைகள் புறம்போக்காகவே பதிவாகியிருக்கும், பல இடங்களில் இப்போது வரப்போடு வரப்பாகக் கலந்து கிடக்கும். எதிர்காலப் பெரிய ரோட்டுக்குக் காசு கொடுக்காமல் கிடைக்கிற முதல் இடம் அதுதான். இரண்டு, ஓடை, வாய்க்கால், ஏரி வரத்துக்கால். மழைநீர் போகும் வழியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பதிவேட்டிலேயே இருக்கிறது, அதை மூடாமல் காப்பாற்றினால் போதும். மூன்று, மற்றப் புறம்போக்கு நிலங்கள். மேல்நிலைத் தொட்டி, கழிவுநீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றும் உந்து நிலையம், டிரான்ஸ்பார்மர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இடம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து நகரமைப்புப் பிரிவில் உட்கார்ந்து, இதுவரை அனுமதி கொடுத்த மனைப்பிரிவுகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் ஒட்டிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனிக் கோப்பில் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் தெரியும். பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றின் 30 அடித் தெரு அடுத்ததன் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்பதும், அரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பிரதான சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதும் தெரியவரும். 2017-ஆம் ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகளின் கீழ் வந்த மனைப்பிரிவுகளை, அதாவது 20.10.2016-க்கு முன்னால் அனுமதி இல்லாமல் போட்டவற்றை, தனிக் கலரில் காட்டுங்கள். அவற்றின் தெருக்கள் இருக்கிற அகலத்திலேயே ஏற்கப்பட்டவை. அங்கே எல்லாத் தெருவையும் அகலப்படுத்த நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த மனைப்பிரிவிலிருந்து வெளியே போக இரண்டு நல்ல இணைப்பு கிடைத்தால் பெரிய காரியம்.

மூன்றாவது, மட்டம். சர்வேயரை வைத்து லெவல் எடுங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அரை மீட்டர் துல்லியத்துக்குத் தெரிந்தாலே திட்டத்தில் பாதி முடிந்தது. கருவியோடு மட்டும் நிறுத்தாமல், அந்தப் பகுதியில் இன்னும் விவசாயம் பார்க்கும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எந்த வயலில் தண்ணீர் நிற்கும், எந்த மடை உடைத்துக்கொள்ளும் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பூங்கா போடலாம், விளையாட்டு மைதானம் போடலாம். வீட்டு மனைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

எத்தனை பேருக்குத் திட்டம்?

கையில் இருக்கும் முழு மக்கள்தொகைக் கணக்கு 2011-உடையது. அதை வைத்து இன்றைக்கு வளர்கிற ஊருக்குத் திட்டம் போட்டால் தொடக்கத்திலேயே குறைந்துபோகும். வீட்டு மின் இணைப்புகள் வருஷத்துக்கு எத்தனை கூடின, சொத்து வரி விதிப்பு எண்கள் எத்தனை, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை இவற்றைப் பத்து வருஷத்துக்கு எடுத்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே எண்ணைச் சொல்லாது, ஆனால் ஒரே திசையைச் சொல்லும். முக்கியமாக, நகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணாதீர்கள். எல்லையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் ஊராட்சிகளில்தான் அசல் வளர்ச்சி இருக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. இன்றைக்கு 60,000 பேர், வருஷத்துக்கு 2.5 சதவீதம் வளர்ச்சி என்று வைத்தால் 30 வருஷத்தில் சுமார் 1,26,000 பேர். கூடுதலாக வரும் 66,000 பேரை ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10,000 பேர் என்று குடியமர்த்தினால் ஏழு சதுர கிலோமீட்டர் புதிய நிலம் வேண்டும். பாதாள சாக்கடை இருக்கிற ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு சொல்லும் அளவு. அதன்படி ஒரு நாளைக்கு 1 கோடியே 70 லட்சம் லிட்டர், வழியில் கசிவது 15 சதவீதம் என்று சேர்த்தால் சுமார் 2 கோடி லிட்டர். பயன்படுத்திய தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும், அது சுமார் 1 கோடியே 36 லட்சம் லிட்டர். இந்த நான்கு எண்களை ஒரு பக்கத்தில் எழுதி நகர்மன்றத்தில் எல்லோர் கையிலும் கொடுங்கள். விவாதத்தின் தரமே மாறும்.

பெரிய ரோடுகளுக்குக் கோடு போடுவது

இதுதான் இந்த வேலையின் உயிர். சின்னத் தெருக்களை மனை போடுபவர்களே போட்டுவிடுவார்கள், அவர்களுக்கு மனை விற்க அது வேண்டும். ஆனால் ஒரு மனைப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய், அதைத் தாண்டி ரயில்வே கேட், பஸ் ஸ்டாண்ட், புறவழிச் சாலை வரைக்கும் போகும் 60 அடி, 80 அடி ரோட்டை எந்தத் தனி ஆளும் போட மாட்டார். அதை ஊர்தான் போட வேண்டும்.

எளிய கணக்கு: வளரப்போகும் பகுதி மேல் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்று குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய ரோடுகளை வரையுங்கள். அப்படி வரைந்தால் எந்த வீட்டிலிருந்தும் அரை கிலோமீட்டர் நடந்தால் பஸ் போகும் ரோடு வந்துவிடும். 80 அடி, அதாவது 24 மீட்டர் அகலம் வைத்தாலும் அது எடுத்துக்கொள்ளும் நிலம் மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. நம் உதாரண ஊரின் ஏழு சதுர கிலோமீட்டருக்கு மொத்தமே 14 கிலோமீட்டர் ரோடுதான். அதற்கு இன்றைக்கே தார் போட வேண்டியதில்லை. கல் நட்டு, இரண்டு பக்கமும் வேம்பு, புங்கன் நட்டு, மண் ரோடாக விட்டாலே போதும், தாரைப் பத்து வருஷம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். எத்தியோப்பியாவின் ஹவாஸா, அடாமா போன்ற ஊர்களிலும் கொலம்பியாவின் மொந்தேரியா, வயேதுபார் ஊர்களிலும் இதே வழியில்தான் நகர விரிவாக்கத்துக்குத் திட்டம் போட்டார்கள், முதலில் பெரிய ரோடுகளின் இடத்தைப் பிடித்து வைப்பது என்று. பணக்கார ஊர்கள் இல்லை அவை.

கோடு நேராகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வண்டிப்பாதை இருந்தால் அதன் மேல் போகட்டும். சர்வே எண்ணின் எல்லையில் போனால் இரண்டு பக்கத்து நில உரிமையாளர்களும் பாதிப் பாதி விடுவார்கள், ஒருவருடைய நிலத்தை நடுவில் பிளந்துகொண்டு போனால் கோர்ட்டுக்குத்தான் போவார். ஏரியையும் ஓடையையும் குறுக்கே வெட்டாமல் கரையோரமாக வளையட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: தொடர்ச்சி. நடுவில் 200 மீட்டர் மட்டும் விட்டுப்போன ரோடு, ரோடே இல்லாததற்குச் சமம்.

அந்தக் கோட்டுக்குச் சட்ட பலம் எப்படி வாங்குவது? 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் என்றும், அதற்குள் சின்னப் பகுதிகளுக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் என்றும் இரண்டு படி உண்டு. ஊரில் திட்டச் சாலை, ஸ்கீம் ரோடு என்று சொல்வது இந்த இரண்டாவதில் காட்டிய ரோட்டைத்தான். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, திட்டத்தில் ரோட்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வந்த மூன்று வருஷத்துக்குள் கையகப்படுத்தவோ உடன்பாட்டில் வாங்கவோ நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகிவிடும். காகிதத்தில் ரோட்டை வரைந்துவிட்டு அலமாரியில் வைத்த ஊர்கள் இப்படித்தான் ரோட்டை இழந்தன. ஆகவே அறிவிப்பு வந்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு நகர்மன்றக் கூட்டத்திலும் எந்தெந்தச் சர்வே எண் முடிந்தது, எது பாக்கி என்று கேளுங்கள்.

நிலம் வாங்கக் காசு இல்லையே என்பார்கள். உண்மைதான், முழுவதையும் காசு கொடுத்து வாங்க எந்தச் சின்ன ஊராலும் முடியாது. அதனால்தான் மனைப்பிரிவு அனுமதிக்கு விண்ணப்பம் வரும் நேரத்தை விடக் கூடாது. அனுமதி வாங்கும்போது உள்ளே வரும் ரோடுகளைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதம் பொது ஒதுக்கீட்டு இடமும் தர வேண்டும், 3,000-லிருந்து 10,000 வரை என்றால் இடமாகவோ அதற்கு ஈடான பணமாகவோ தரலாம். நீங்கள் வரைந்த பெரிய ரோடு அந்த நிலத்துக்குள் போனால், மனைப்பிரிவின் வரைபடமே அந்த ரோட்டைச் சுற்றி அமைய வேண்டும் என்று விண்ணப்பம் வந்த முதல் வாரத்திலேயே நகரமைப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மனை விற்பவருக்கும் இதில் நஷ்டம் இல்லை. 60 அடி ரோட்டு மேல் இருக்கிற மனை நல்ல விலைக்குப் போகும் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பேசிப் பாருங்கள், பலர் ஒத்துவருவார்கள். தானப்பத்திரம் பதிவானதும் வருவாய்ப் பதிவேட்டிலும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து அதே இடத்தை வேறு யாராவது தன் பட்டா என்று கொண்டுவருவார்.

இன்னொரு வழி குஜராத்தில் நூறு வருஷமாகப் பழக்கத்தில் இருப்பது. 1915-ல் வந்த பம்பாய் நகரத் திட்டச் சட்டத்திலிருந்து தொடங்கிய முறை. ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எல்லோரிடமும் ஒரு பங்கை ரோட்டுக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாகத் திருப்பிக் கொடுப்பார்கள். ரோடு போகும் நிலத்துக்காரர் மட்டும் எல்லாவற்றையும் இழந்து, பக்கத்து நிலத்துக்காரர் சும்மா லாபம் அடையும் அநியாயம் இதில் இல்லை. அகமதாபாத்தைச் சுற்றிய 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கு நிலம் வந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு இப்போது வழி சேர்த்திருக்கிறார்கள். இருபது முப்பது உரிமையாளர்கள் இருக்கும் ஒரு சின்னப் பகுதியில் தொடங்குவது நல்லது. ஒரே அடியாக ஆயிரம் ஏக்கரில் தொடங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நமக்கு இது புதிசும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் ஊர்களில் நடந்து பாருங்கள். நேர் நேரான தெருக்கள், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீடுகள், மழைத் தண்ணீர் ஊரணிக்குப் போய்ச் சேர வழி. வீடு கட்டும் முன் தெருவை முடிவு செய்த ஊர்கள் அவை.

30 அடித் தெருவுக்குள் எது எங்கே?

பெரிய ரோட்டில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். சிக்கல் சாதாரண 30 அடித் தெருவில்தான். நடுவில் 18 அடிக்குத் தார், இரண்டு பக்கமும் ஆறு ஆறு அடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஆறடியை வீட்டுக்காரர்களின் படிக்கட்டுக்கும் சாய்தளத்துக்கும் விட்டுவிட்டால் எல்லாக் குழாயும் தாருக்கு அடியில்தான் போகும், ஒவ்வொரு கசிவுக்கும் ரோட்டை வெட்ட வேண்டும்.

ஒரு பக்க ஓரத்தில் குடிநீர்க் குழாய். எதிர்ப்பக்கமாகவோ நடுவிலோ பாதாள சாக்கடை. இரண்டுக்கும் நடுவில் மூன்று மீட்டராவது இருக்க வேண்டும், குறுக்கே கடக்கும் இடத்தில் குடிநீர் மேலே, கழிவுநீர் அரை மீட்டராவது கீழே. இதை யாரும் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. குழாய் காலியாக இருக்கிற நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்காது, இணைப்பில் சின்ன விரிசல் இருந்தாலும் வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே இழுக்கப்படும், அடுத்த நாள் காலையில் முதல் குடத்தில் அதுதான் வரும். வீட்டு இணைப்புக் குழாய் திறந்த சாக்கடைக்குள்ளேயே போகிற தெருக்கள் எத்தனை என்று உங்கள் வார்டில் எண்ணிப் பாருங்கள். வயிற்றுப்போக்கு எங்கே பரவுகிறதோ அந்தத் தெருக்களாகத்தான் இருக்கும்.

மின்கம்பம், தெருவிளக்கு, டிரான்ஸ்பார்மர் ஒரு ஓரத்தில் ஒரே வரிசையில் போகட்டும். டிரான்ஸ்பார்மருக்குத் தனியாகச் சின்ன இடம் மனைப்பிரிவிலேயே ஒதுக்கி வாங்குங்கள், இல்லாவிட்டால் நடைபாதையில்தான் வந்து நிற்கும். தார் போடும் முன் ஒவ்வொரு தெருமுனையிலும், நடுவில் நூறு மீட்டருக்கு ஒரு இடத்திலும், ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு மூன்று காலிப் பைப்பைப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு இணைய கேபிளோ மின் கேபிளோ வந்தால் அதற்குள் விட்டுக்கொள்ளலாம். செலவு அதிகம் இல்லை, மிச்சமாவது ஒரு முழு ரோடு. இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஐ.ஆர்.சி. 98 என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டியே இருக்கிறது, பொறியாளரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

குழாயும் மோட்டாரும்

எதை எத்தனை வருஷத்துக்குப் பெரிதாகப் போடுவது என்பதில் தாராளமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும். குழாய்களுக்கு 30 வருஷம், மோட்டார்களுக்கும் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கும் 15 வருஷம் என்பது வழக்கம். காரணம் எளிது: குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது, மாற்றத் தெருவையே தோண்ட வேண்டும். மோட்டார் ஒரு அறைக்குள் இருக்கிறது, அது எப்படியும் தேய்ந்துபோகும்.

குடிநீர்க் குழாயில் 100 மி.மீ.க்குப் பதில் 150 மி.மீ. போட்டால், அதே அழுத்த இழப்பில் ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் போகும். பள்ளம் தோண்டுவதும் மூடுவதும் கிட்டத்தட்ட அதே செலவுதான். அதனால் பெரிய ரோட்டில் போகும் குழாயில் காசைப் பார்க்காதீர்கள். அதே சமயம் எல்லாச் சந்துக்கும் பெரிய குழாய் போட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று குளோரின் தீர்ந்துபோகும். மேல்நிலைத் தொட்டிகளைப் பகுதி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நுழைவு, ஒரு மீட்டர், அடைக்க ஒரு வால்வு என்று வைத்துவிட்டால் எங்கே கசிகிறது என்பது தெரியும். தொட்டிக்கான மேட்டு நிலத்தை இப்போதே எடுத்து வையுங்கள், கட்டுவது அப்புறம்.

பாதாள சாக்கடையில் கதையே வேறு. இது சாய்வில் தானாக ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய குழாய் போட்டால் வேகம் குறைந்து மண் படியும், நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 200-க்கு 1 என்ற சாய்வில் ஒரு கிலோமீட்டர் போனால் ஐந்து மீட்டர் ஆழம் இறங்கிவிடும். சமதளமான ஊர் என்றால், டெல்டா ஊர்களைப் போல, சீக்கிரமே உந்து நிலையம் வைத்து மேலே ஏற்றியாக வேண்டும். வீடுகள் வந்த பிறகு உந்து நிலையத்துக்கு இடம் கேட்டால் தெருவே திரண்டு எதிர்க்கும், எதிர்ப்பதில் நியாயமும் உண்டு. அதனால் பள்ளமான இடங்களையும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஊரின் கடைசிப் பள்ளத்தில் 30 வருஷத்துக்குப் போதுமான நிலத்தையும் முன்னாலேயே பிடித்து, சுற்றிலும் மரம் நட்டுவிடுங்கள். இயந்திரம் பாதி அளவுக்குப் போதும், நிலம் முழு அளவுக்கு வேண்டும்.

எல்லாச் சின்ன ஊருக்கும் உடனே பாதாள சாக்கடை தேவை என்று நான் நினைக்கவில்லை. வீடுகள் அடர்த்தி இல்லாத இடத்தில் ஒழுங்கான செப்டிக் டேங்க், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை லாரி, அந்த லாரி கொண்டுபோய்க் கொட்ட ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் நன்றாகவே ஓடும். செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி பேரூராட்சி இப்படி ஒன்றைக் கட்டிக் காட்டியது. எந்த முறையாக இருந்தாலும் மனிதர் இறங்கிச் சுத்தம் செய்யத் தேவையே வராதபடி கட்ட வேண்டும். 2013 முதல் அதற்குத் தடைச் சட்டம் இருந்தும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இயந்திரம் வந்து நிற்க முடியாத சந்தில் மேன்ஹோலை வைத்தால் ஒருநாள் அங்கே ஒரு ஆளைத்தான் இறக்குவார்கள் என்பதைத் திட்டம் போடும் மேசையிலேயே நினைத்துப் பாருங்கள்.

காசு விஷயத்தில் ஆலந்தூரை எல்லோரும் படிக்க வேண்டும். சென்னையோடு சேர்வதற்கு முன் அது தனி நகராட்சி. 1990-களின் கடைசியில் பாதாள சாக்கடை போட முடிவு செய்தபோது, வேலை தொடங்கும் முன்னாலேயே வீட்டுக்கு 5,000 ரூபாய் இணைப்பு வைப்புத்தொகை என்று தெருத் தெருவாகப் பேசி வசூலித்தார்கள். மக்கள் கொடுத்தார்கள். எங்கே குழாய் வரும், எப்போது வரும், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னதால் கொடுத்தார்கள். மிச்சத்துக்குக் கடனும் மானியமும் வந்தது. முதலில் அடிக்கல், அப்புறம் கட்டணம் என்று போகிற ஊர்களில் குழாய் இருந்தும் வீட்டுக்காரர்கள் இணைப்பு வாங்காமல் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழை

25 ஏக்கர் வயலில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் நொடிக்குச் சுமார் 400 லிட்டர் ஓடிவரும். அதே நிலம் வீடும் சிமென்ட் தரையுமானால் அது ஆயிரத்தை நெருங்கும். மழை கூடவில்லை, மண் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் பழைய வாய்க்கால் பழைய அகலத்தில் இருந்தாலே போதாது, அதைச் சுருக்கி சிமென்ட் கால்வாய் ஆக்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விட விடாதீர்கள். ஒரு வீட்டுக்கு விட்டால் தெருவுக்கே விட்டதாகிவிடும். வடிகால் போய்ச் சேரும் இடம் தெரியாமல், அதாவது எந்த ஓடை, எந்த ஏரி என்று காட்டாமல், வடிகால் வேலைக்கு நகர்மன்றத்தில் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

ரோட்டின் மட்டமும் இதில் சேர்த்தி. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அதை எடுத்துக் காட்டுங்கள். புதிய பகுதிகளில் ரோட்டின் இறுதி மட்டம் என்ன என்று கட்டட அனுமதியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயர்த்தும் போட்டி நிற்கும்.

வேலையின் வரிசை

ஆழமானது முதலில். பாதாள சாக்கடை, சிறுபாலங்கள், மழைநீர் வடிகால், பிறகு குடிநீர், பிறகு காலிப் பைப்புகள், ஒவ்வொரு மனைக்கும் இணைப்பைக் காலி மனையாக இருந்தாலும் எல்லை வரை இழுத்து மூடி வைப்பது. பள்ளத்தை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி மூடிய பிறகு, ஜல்லியோடு ஒரு மழைக்காலம் விடுங்கள். எங்கே உள்வாங்குகிறது என்று தெரிந்த பிறகு தார். எப்போது தார் போடுவீர்கள் என்று கேட்டு மக்கள் கோபப்படுவார்கள். பகுதி சபைக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து, என்ன முடிந்தது, அடுத்தது எது, எந்த மாதம் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். துறைகளுக்குள் பேச்சு இல்லாததுதான் பாதிப் பிரச்சினை, அதனால் குடிநீர் வடிகால் வாரியம், மின் வாரியம், நெடுஞ்சாலைத் துறை, கேபிள் நிறுவனங்கள் நால்வரையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரே மேசையில் உட்கார வைத்து, அடுத்த வருஷம் எந்தத் தெருவில் யார் தோண்டப்போகிறார்கள் என்று ஒரே பட்டியலாக எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத வெட்டுக்கு, அவசரக் கசிவு தவிர, அனுமதி கிடையாது என்று தீர்மானம் போடுங்கள்.

கடைசியாக, பள்ளத்தை மூடும் முன் அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுங்கள். குழாய் எந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், என்ன விட்டம், எந்த ஆண்டு, வால்வு எங்கே. இதை ஒப்பந்ததாரர் வரைபடமாகக் கொடுத்த பிறகே கடைசி பில் பாஸ் ஆக வேண்டும். வால்வு எங்கே இருக்கிறது என்று ஊரில் ஒரே ஒரு ஃபிட்டருக்கு மட்டும் தெரிந்திருக்கும் நகராட்சிகள் நிறைய. அவர் ஓய்வு பெறும் முன் அவரை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு நடந்து, அவர் காட்டும் ஒவ்வொரு இடத்தையும் அதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.